எரிமலைத் தீவும் எங்கள் பிடிமண்ணும்

சங்கராபுரம் கடைத்தெரு முனையில் என் மகளின் படத்தைப் போட்டு அவ்வளவு பெரிய பேனர் வைத்தவன் நான்தான். அவள் தலைக்குப் பின்னால் ஒரு மலை நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்கும். எரிமலைத் தீவுக்கு ஆராய்ச்சிக்குப் போகும் எங்கள் வீட்டுச் செல்வமே, வாழ்க என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில், என் போர்வெல் கம்பெனியின் பெயர். மகள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, அது நான் போற தீவே இல்ல. வேற ஏதோ நாட்டு மலை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நெருப்பு எல்லா ஊர்லயும் ஒரே நெறம்தான் பாப்பா."

"எறக்கச் சொல்லு."

நான் இறக்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வெயிலில் நின்றவன் ஒரு பேனர் வைக்கக்கூடாதா?

டீக்கடையில்தான் வம்பு வந்தது. எனக்கு மாப்பிள்ளை முறை ஆகிற ஒருவர், கரும்பு விவசாயி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா மாமா, பாப்பா அங்க போயி இன்னா வேலை செய்யப்போவுது?"

உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். "உண்ணிச்செடி ஒழிக்கிற வேலை."

"எது, நம்ம மலையில புதர் புதரா மண்டிக்கினு கெடக்குதே, அதுவா?"

"அதேதான்."

"களை புடுங்கவா மாமா இவ்ளோ படிக்க வச்சே? எங்கிட்ட சொல்லியிருந்தா நம்ம கொல்லையிலயே வேலை போட்டுக் குடுத்திருப்பேன். மதியத்துக்குச் சோறும் உண்டு."

கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கை நடுங்கச் சிரித்தான்.

"ஒன் கொல்லையில மொளைக்கிறது ஒலகம் பூரா மொளைக்குது" என்றேன். "அங்க இருக்கறது அங்க மட்டும்தான் இருக்குது. அது போச்சுன்னா ஒலகத்துலயே போச்சு. கடல்ல முங்கி பாசி மேயற ஓணான் பாத்திருக்கியா நீ?"

"நீ பாத்தியா மாமா?"

"எம் பொண்ணு பாக்கப்போறா. அது போதும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு அப்படித்தான். ஒரு இடத்தில் நிலையாக உட்கார்ந்து ஒரு டீயை முழுசாகக் குடித்து ரொம்ப காலம் ஆகிறது.

நான் படித்தது ஐந்தாவது. அதற்கு மேல் என்னைப் படிக்க வைக்க யாருக்கும் வசதி இல்லை, எனக்கும் ஆசை இல்லை. போர் வண்டியில் ராடு தூக்குகிற கூலியாகப் போய்ச் சேர்ந்தேன். இன்று என் பெயர் எழுதின வண்டிகள் கள்ளக்குறிச்சியிலிருந்து ராஜஸ்தான் வரைக்கும் ஓடுகின்றன. பூமிக்குள்ளிருந்து புகையாகக் கிளம்புகிற பாறைத் தூளை உள்ளங்கையில் வாங்கி, விரலால் தேய்த்து, இன்னும் எவ்வளவு போனால் தண்ணீர் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பான இடங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மகள் அந்தத் தூளிலேயே வளர்ந்தவள். ஆனால் அவளுக்குப் பாறை பிடிக்கவில்லை, பாறை மேல் என்ன முளைக்கிறது என்பதுதான் பிடித்தது. செடிகொடிப் படிப்பு படித்தாள். கல்வராயன் மலையில் உண்ணிச்செடியைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். மலைக்காரர்கள் கடுக்காய் பொறுக்கப் போன பாதை, மாடு மேய்ந்த சரிவு, எல்லாம் அந்தச் செடி மூடிவிட்டது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் அடியில் ஒரு புல் முளைக்காது.

"எங்கிட்ட ஜேசிபி இருக்குது பாப்பா, ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடறேன்" என்று ஒருமுறை ஒரு சரிவு முழுவதையும் வழித்துக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு அது முன்னைவிட நெருக்கமாக வந்தது. மகள் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். பிறகு அவளே ஒரு செடியை வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, இழுத்து, தலைகீழாகப் புதர் மேல் கிடத்தினாள். வேர் மண்ணைத் தொடாமல் காய வேண்டுமாம். ஒவ்வொரு செடிக்கும் அப்படியே செய்ய வேண்டுமாம். இவ்வளவு பெரிய மலையை ஒவ்வொரு செடியாகவா?

அதே செடி, கடல் நடுவில் இருக்கிற ஒரு தீவையும் மூடிக்கொண்டிருக்கிறது என்றும், அங்கே ஒரு வருஷம் வேலை செய்ய அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் அவள் வந்து சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "அங்க தண்ணி இருக்குதா?"

"நல்ல தண்ணி ரொம்ப கம்மிப்பா."

"அப்ப நானும் வண்டியோட வரேன்."

"அங்க நீ ஒரு குச்சிகூட நடக்கூடாது."

தீவுக்கூட்டத்தின் பெயர் கலாபகஸ். தென் அமெரிக்காவுக்கு மேற்கே, கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், பசிபிக் கடலில் கிடக்கிறது. மகள் வீட்டு டிவியில் படம் போட்டு எனக்கும் என் மனைவிக்கும் காட்டினாள். மனைவி உட்கார்ந்து பார்த்தாள். நான் கூடத்தில் நடந்துகொண்டே பார்த்தேன்.

கடலுக்கு அடியில், பூமியின் வயிற்றுக்குள், ஒரே இடத்தில் நெருப்பு இருக்கிறதாம். அதன் மேலே கடலின் தரை மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறதாம். நெருப்பு துளைத்துக்கொண்டு வருகிற இடத்தில் ஒரு தீவு பிறக்கும். அது நகர்ந்து போனதும் அதே இடத்தில் அடுத்த தீவு. அதனால் கிழக்கே இருப்பவை கிழட்டுத் தீவுகள், தேய்ந்து போனவை. மேற்கே இருப்பவை இளசு, இன்னும் புகைகின்றன.

"புரிஞ்சிடுச்சு" என்றேன். "போர் வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. நிலம் அதுக்கு அடியில நகருது. அவ்ளோதானே?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "கிட்டத்தட்ட. ஆனா நீ தோண்டறே. அது கட்டுது."

அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்தத் தீவுகள் எந்தக் காலத்திலும் எந்தக் கரையோடும் ஒட்டியிருந்ததில்லை. வெறும் கரிய பாறையாகப் பிறந்தவை. அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு உயிரும் தப்பிப் பிழைத்து வந்தது. பறவையின் காலில் ஒட்டின சேற்றில் ஒரு விதை வந்திருக்கும். வெள்ளத்தில் அடித்து வந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓணான் வந்திருக்கும். ஆமை மிதந்து வந்திருக்கும். வந்தவை திரும்பிப் போக வழியில்லை. கிடைத்ததைத் தின்று, கிடைத்த இடத்துக்கு ஏற்ற மாதிரி உடம்பையே மாற்றிக்கொண்டன. ஒரே சாதிக் குருவிக்குத் தீவுக்குத் தீவு அலகு வேறு. விதை உடைக்கிறதுக்குக் கெட்டி அலகு, பூச்சி பிடிக்கிறதுக்கு ஊசி அலகு. ஆள் உட்காருகிற அளவு ஆமைக்கு, உயரக் கள்ளியை எட்டிக் கடிக்கிற தீவில் ஓடு முன்பக்கம் தூக்கலாக இருக்கிறது, தரையில் மேய்கிற தீவில் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கிறது.

"முன்ன ஒரு காலத்துல கப்பல்ல வந்த ஒரு சின்ன வயசு வெள்ளைக்காரர் இதையெல்லாம் பாத்துட்டுப் போய்தான், உசுருங்க எப்படி மாறிக்கினே வருதுன்னு யோசிச்சார். நாங்க படிக்கிற படிப்புக்கே அங்கதான் ஆரம்பம்" என்றாள் மகள். "வேற எங்கியும் ஆயிரம் விஷயம் கலந்து கெடக்கும். அங்க மட்டும்தான் எது எப்படி வந்துச்சு, எப்படி மாறுச்சுன்னு தனித்தனியா பிரிச்சுப் பாக்க முடியும். அதான் வெளியிலருந்து ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது."

ஆனால் போய்விட்டது. கப்பல்காரர்கள் விட்ட ஆடுகள் ஆமையின் புல்லைத் தின்றன. எலி போனது, பூனை போனது, எறும்பு போனது. நம் வீட்டுக் கொய்யா அங்கே காடாக நிற்கிறது. குருவிக் கூட்டில் முட்டையிட்டு, குஞ்சின் ரத்தத்தைக் குடிக்கிற ஒரு ஈ எப்படியோ போய்விட்டது. உண்ணிச்செடியை யாரோ பூ அழகாக இருக்கிறதே என்று தோட்டத்தில் வைத்தார்களாம்.

என் மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க கோயில் ஏதாவது இருக்குதாடி?"

"சர்ச் இருக்கும்மா."

"நம்ம கோயில்?"

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். நான்தான் நடந்துகொண்டிருந்தேனே.

கிளம்புவதற்கு முன்னால் மகள் செய்த சுத்தம் இருக்கிறதே, கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துச் செருப்பின் அடியைத் தேய்த்தாள். காலுறையில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் ஊதிக் காட்டச் சொன்னாள். வண்டி கம்ப்ரஸரில் ஊதிக் காட்டினேன். கொத்தமல்லி விதை, வெந்தயம், ஊறுகாய், எதையும் எடுக்கவில்லை. போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்றை மட்டும் கேட்டாள். அதையும் அவளே சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்தாள்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். யார் எல்லை தாண்டிப் பிழைக்கப் போனாலும், மலையடிவாரத்தில் இருக்கிற குலதெய்வம் கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவோம். பிடிமண் என்போம். அந்த மண் போகிற இடத்துக்கு அம்மனும் கூடப் போகிறாள். நான் முதல் முதலாக வெளி மாநிலத்துக்கு வண்டி எடுத்துப் போனபோது என் மனைவிதான் முடிந்து கொடுத்தாள். இன்று வரை அது இல்லாமல் என் வண்டி எதுவும் கிளம்பியதில்லை.

"மண்ணு மட்டும் வேணாம்மா" என்றாள் மகள். "அந்த ஒரு பிடிக்குள்ள எத்தினி விதை, எத்தினி எறும்பு முட்டை இருக்கும் தெரியுமா?"

"சரி வுடு" என்றாள் மனைவி.

இத்தனை வருஷத்தில் என் மனைவி ஒரு விஷயத்தை அவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுத்ததில்லை.

சென்னையில் மகளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டுகிற வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன், மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்து, ரசம் வைத்து, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"இன்னாடி, புள்ளையைக் கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு இப்படிச் சாப்புடறே?"

"அவ தனியா போகலைங்க."

"யாரு கூடப் போனது?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "அம்மன் கூடப் போயிருக்கா. எம் பொடவை முந்தானை மூலையை மடிச்சு, மண்ணை உள்ள வச்சு, சுத்தித் தச்சு அனுப்பியிருக்கேன். அவளுக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன்தான்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

எனக்கு மண் தெரியும். அந்தக் கோயில் வாசல் மண்ணும் தெரியும். கோயிலைச் சுற்றி மூன்று பக்கமும் உண்ணிச்செடி. அதன் கறுத்த பழத்தைத் தின்றுவிட்டுப் பறவைகள் உட்கார்ந்து எச்சமிடுகிற மரத்துக்குக் கீழேதான் பிடிமண் எடுப்பது. எதை ஒழிக்க அவளைக் கூப்பிட்டார்களோ, அதையே முந்தானையில் முடிந்து அவள் அங்கே கொண்டுபோகிறாள். வழியில் பரிசோதனையில் சிக்கினால், பொய் சொன்னவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் அது அதைவிட மோசம்.

"போன் வரட்டும், சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னீங்கன்னா அப்பறம் என்கிட்டப் பேசாதீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நெருப்பு கக்கற மலை. சுத்திலும் கடல். நம்ம ஜனம் ஒண்ணு கெடையாது. எதை நம்பி அவளை அங்க வுடச் சொல்றீங்க? ஒங்க பேனரை நம்பியா?"

வாட்ஸப்பில் பேசிப் பதிவு பண்ணி அனுப்ப எனக்குத் தெரியும். கொல்லைப்பக்கம் போய்ப் பேசினேன். அழித்தேன். மறுபடியும் பேசினேன். மறுபடியும் அழித்தேன். மகள் எந்த வானத்தில் இருந்தாளோ. வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். அம்மன் பக்கமிருந்து ஒரு உத்தரவு வாங்கிவிட்டால் மனைவி என்ன சொல்வாள் என்பது என் கணக்கு.

பூசாரி எனக்குப் பங்காளி முறை. கோயில் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர், நான் சொன்னதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"தைரியமான பொம்பளைதான் ஒன் சம்சாரம்" என்றார்.

"அதுக்கா வந்தேன்? அந்த மண்ணை வழியில எடுத்துட்டா குத்தமா, அதைச் சொல்லு."

"எடுத்து?"

"அதிகாரிங்ககிட்ட குடுத்துடணும். அவங்க நெருப்புல போட்டுடுவாங்கன்னு நெனைக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். "வேணாம்னா தண்ணியில கரைக்கலாம். தரையில சேத்துடலாம். நெருப்பு கூடாதுப்பா. எங்கப்பன் காலத்துலருந்து நெருப்புல போட்டதில்ல."

"அங்க தரையில சேக்கறதுதான் குத்தமே. செடி மொளைச்சிடும்."

"மொளைச்சா நல்லதுதானே, நம்ம ஊருச் செடி."

"நம்ம ஊருச் செடியே இல்லய்யா இது. இதுவும் எவனோ கொண்டாந்து வுட்டது."

பூசாரி கோயிலைச் சுற்றி இருந்த புதரை அப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அப்டியா? நான் பொறந்ததுலருந்து பாத்துக்கினு இருக்கேனே." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ ஊர் ஊரா பிடிமண்ணோட போனியே, அங்கெல்லாம் இன்னா மொளைச்சுதோ."

உத்தரவு கேட்கப் போனவனுக்கு இன்னொரு பாரம் ஏறியதுதான் மிச்சம். மலைப்பாதையில் பாதி தூரம் ஏறி, எதற்கு ஏறுகிறேன் என்று தெரியாமல் திரும்பி இறங்கினேன். இரண்டு பக்கமும் அந்தப் பூதான். என் வண்டிகள் போன ஒவ்வொரு ஊரையும் மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தென் அமெரிக்காவில் மலை மேல் இருக்கிற கீட்டோ என்கிற ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம். அங்கே இரவு. ஓட்டல் அறையில் இருந்தாள். விடிந்தால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்து முத்திரை வைப்பார்கள், அப்புறம் தீவுக்கு விமானம். மூச்சு வாங்குதுப்பா, உசரம் ஜாஸ்தி என்றாள். மனைவி எனக்கு எதிரில் வந்து நின்றாள்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னேன். "பாப்பா, அம்மா பொடவையை எடு. முந்தானை மூலையைத் தொட்டுப் பாரு."

பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு துணி உரசுகிற சத்தம்.

"மண்ணா?" என்றாள்.

"மண்ணுதான்."

"அம்மாகிட்ட குடு."

மனைவி போனை வாங்கினாள். ஸ்பீக்கரில்தான் இருந்தது. மகள் திட்டுவாள் என்று நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

"அம்மா, நான் எதுக்காகப் போறேன்னு ஒனக்கு நான் சரியா சொல்லவே இல்ல" என்றாள். "அங்க ஒரு கடல் பறவை இருக்குது. வருஷம் பூரா கடல் மேலயே சுத்தும். முட்டை வைக்க மட்டும் அந்தத் தீவுக்கு வரும். மண்ணைக் கொடைஞ்சு வளை போட்டு, அதுக்குள்ள வைக்கும். வருஷத்துக்கு ஒரே முட்டைதான். உண்ணிச்செடி மூடிக்கிச்சுன்னா அதால உள்ள போக முடியாது. வேற எங்க போய் வைக்கும், சொல்லு."

"ஒரே முட்டையா?" என்றாள் மனைவி.

"ஒண்ணே ஒண்ணு."

எங்களுக்கும் இவள் ஒருத்திதான். அதை யாரும் சொல்லவில்லை.

"பூசாரி நெருப்புல போடக்கூடாதுன்னாரு" என்று நான் குறுக்கே புகுந்தேன். "அங்கியே ஏதாவது ஆத்துல கரைச்சுடு பாப்பா."

"இந்த ஊரு ஆறு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? எங்கியும் கொட்ட மாட்டேன். காலையில பரிசோதனை பண்றவங்ககிட்ட நானே எடுத்துக் குடுக்கப்போறேன். அவங்க எரிப்பாங்க. அப்பறம் என்னை அனுப்பறதும் அனுப்பாததும் அவங்க இஷ்டம்."

"மறைச்சுக் கொண்டாந்தேன்னு சொல்லுவாங்களேடி" என்றாள் மனைவி.

"சொன்னா சொல்லட்டும்மா."

போன் வைத்த பிறகு மனைவி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். என்னோடு பேசவில்லை. நானே டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன். ஆறிப் போனது.

அன்று பகல் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தியாகதுருகத்தில் வண்டி ஒன்று பாறையில் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தது. போனேன். ராடு சுற்றிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து கிளம்பிவிட்டேன். வண்டியில் வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தண்ணீர் வருவதற்கு முன்னால் நான் ஒரு குழியை விட்டுப் போனதே இல்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன், எதற்கென்று மறந்துவிட்டுத் திரும்பினேன். சங்கராபுரம் முனையில் பேனர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதே டீக்கடை, அதே மாப்பிள்ளை.

"இன்னா மாமா, பாப்பா போய்ச் சேந்துச்சா?"

"போய்க்கினே இருக்கா" என்றேன். நிற்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மகளிடமிருந்து பேச்சுப் பதிவு ஒன்று வந்தது. விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவசரமாகப் பேசியிருந்தாள். மண்ணை அவளே எடுத்து மேசை மேல் வைத்தாளாம். ஒரு பெண் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு முந்தானை மூலையைக் கத்தரித்து எடுத்து, பையில் போட்டு ஒட்டி, எரிக்கிற பெட்டிக்கு அனுப்பினாளாம். இது என்ன என்று கேட்டதற்கு, எங்க அம்மாவோட பயம் என்று மகள் சொன்னாளாம். பெட்டியை முழுக்க மருந்தடித்துப் பின்னால் அனுப்புவார்களாம். போட்டிருக்கிற துணியோடுதான் தீவுக்குப் போகிறாள். தீவில் அவளை வேலைக்குக் கூப்பிட்ட மேலதிகாரிக்குப் போன் போயிருக்கிறது. "அவங்களா கண்டுபிடிச்சிருந்தா அப்படியே திரும்பிப் போன்னு சொல்லியிருப்போம், நீயா சொன்னதால வா"ன்னு சொன்னாருப்பா என்றாள்.

நான் அந்தப் பதிவை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "கேட்டியா? நான் சொன்னதாலதான்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் "எரிச்சுட்டாங்க இல்ல" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அன்றும் அதற்கு அடுத்து வந்த நாட்களிலும் அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மகளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் அது என் தலையில்தான் விடியும் என்று எனக்குத் தெரியும். டிவியில் எங்கேயாவது எரிமலை என்ற பேச்சு வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது, அதை யாரிடம் சொல்வது? அம்மன் இல்லாமல் என் ஒரு வண்டியைக்கூட நான் அனுப்பியதில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் வீடியோவில் வந்தாள். அங்கே காலை. முகம் கறுத்து, உதடு வெடித்து, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் வரவில்லையாம், யாரோ கொடுத்த சட்டை, இரண்டு ஆள் நுழையலாம்.

"அம்மா எங்க?"

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எங்கடி நிக்கிறே? காட்டு."

மகள் போனைத் திருப்பினாள். கண்ணுக்கு எட்டின வரை கரிய பாறை. தார் காய்ச்சிக் கொட்டின மாதிரி, கயிறு கயிறாக மடிந்து மடிந்து உறைந்து கிடந்தது. எவ்வளவோ பாறை பார்த்திருக்கிறேன். எங்கள் மலைப் பாறை உலகத்திலேயே கிழட்டுப் பாறைகளில் ஒன்று என்று மகள் சொல்வாள். இது குழந்தை. ஒரு துளி மண் இல்லை. ஒரு புல் இல்லை.

"இதுலயா இருக்கே?" என்றாள் மனைவி.

"பாரும்மா, இங்க பாரு."

பாறை வெடிப்பில் விரல் உயரத்துக்கு ஒரு கள்ளி. கொத்தாக நாலைந்து விரல் நீட்டின மாதிரி, நுனி மட்டும் மஞ்சளாக, பொசுபொசுவென்று முள்ளோடு நின்றது. அதைத் தவிர அந்தப் பரப்பில் உயிரென்று ஒன்றுமில்லை.

மனைவி போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "யாருடி வச்சது இதை?"

"யாரும் வைக்கல. அதுவா வந்துச்சு. நெருப்பு ஆறினதும் மொதல்ல வர்றது இதுதான். இது வந்த பொறவுதான் மத்ததெல்லாம் வரும்."

"மண்ணே இல்லையேடி."

"மண்ணு இதுக்கு வேணாம்மா. இதுவே செத்து செத்து மண்ணா ஆவும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாரும் வைக்காம அதுவா வந்தா அது சுயம்புடி" என்றாள். "நான் இன்னாத்துக்கு இங்கருந்து மூட்டை கட்டி அனுப்பணும். அவ அங்க ஒனக்கு முன்னாடியே போயி நின்னுக்கினு இருக்கா. தெனமும் வேலைக்குப் போறப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"தண்ணிகூட ஊத்தக் கூடாதும்மா இங்க. தொடக்கூட கூடாது."

"நீ இன்னாத்துக்குத் தொடறே. தூர நின்னு சொல்லு, போதும்."

"சரிம்மா."

"இன்னொரு தடவை காட்டு."

மகள் மறுபடியும் காட்டினாள். மனைவி புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கள்ளி தெரிகிற கண்ணாடியை இந்தக் கண்ணில் ஒருமுறை, அந்தக் கண்ணில் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். பிறகு எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அம்மா" என்று போனுக்குள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டா இருக்குது. இருக்கியா?"